சென்னையிலிருந்து இரண்டு மூன்று நாள் கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழும்பூரில் ஒரு சின்ன டிராவல்ஸில் டிக்கெட் போடுகிற வேலை எனக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால் கப்பல் என்று விசாரித்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதிகள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் கட்டியிருப்பார்கள். இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் சோழிங்கநல்லூரிலிருந்து ஃபோன் வருகிறது: "அண்ணா, நாலு பேர், சனி ஞாயிறு, கப்பல் ஏதாவது இருக்கா?" கோயம்பேட்டில் பஸ் கேட்கிற மாதிரியே கேட்கிறார்கள். தினமும் அதே பதிலைச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

திடீரென்று எல்லோரும் இரண்டு மூன்று நாள் உல்லாசக் கப்பல் பயணம் பற்றியே பேசுவது ஏன்?

இது ஆரம்பித்தது அமெரிக்காவில். மூன்று நாள், நான்கு நாள் பயணம் அங்கே ரொம்ப காலமாகவே உண்டு. ஆனால் அதற்கு விடுகிற கப்பல் அந்தக் கம்பெனியிலேயே பழசாக இருக்கும். புதுக் கப்பல் வந்தால் ஏழு நாள் பயணத்துக்குப் போகும். ஓடித் தேய்ந்தது வார இறுதிக்கு வரும். எக்ஸ்பிரஸில் ஓடி அலுத்த பஸ்ஸை டவுன் பஸ்ஸாக மாற்றுகிற கதைதான்.

அந்த வழக்கம் இப்போது உடைந்துவிட்டது. 2022இல் டிஸ்னி தன் புதிய டிஸ்னி விஷ் கப்பலை ஆரம்பத்திலிருந்தே மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கு விட்டது. 2024 ஜூலையில் ராயல் கரீபியன் என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் யுடோபியா ஆஃப் தி சீஸை ஃபுளோரிடாவின் போர்ட் கனாவரலிலிருந்து அதே மாதிரி மூன்று, நான்கு இரவுகளுக்கு ஓட்டத் தொடங்கியது. 362 மீட்டர் நீளம், சுமார் 2,36,000 டன், அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,600 பேருக்கு மேல். (கப்பலுக்குச் சொல்கிற இந்த டன் எடை இல்லை, உள்ளே இருக்கிற இடத்தின் அளவு. என்னிடம் சண்டை போட்ட ஒரு இன்ஜினியர் தம்பிக்காக இதைச் சேர்க்கிறேன்.) நம் எல்ஐசி கட்டடத்தைவிட அதிக மாடி. அப்படிப்பட்ட புத்தம்புதுக் கப்பலை வெள்ளிக்கிழமை ஏறி திங்கட்கிழமை இறங்குகிறவர்களுக்குக் கொடுத்ததுதான் செய்தி. அந்த வீடியோக்கள்தான் உங்கள் ஃபோனில் வந்துகொண்டிருக்கின்றன.

இளைஞர்களை ஏன் இப்படி வளைக்கப் பார்க்கிறார்கள்?

வயதானவர்களை மட்டும் நம்பினால் தொழில் வளராது. 2019இல் உலகம் முழுக்க சுமார் 3 கோடி பேர் இப்படிக் கப்பலில் போனார்கள். 2024இல் அது சுமார் 3.46 கோடி. கப்பல் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கம் சொல்கிற கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 40 வயதுக்குக் கீழே இருப்பவர்கள்.

ஆனால் முதல் தடவை போகிறவனுக்கு ஒரு வாரம் என்றால் பயம். பிடிக்காவிட்டால் நடுக்கடலில் எங்கே இறங்குவது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற மாதிரி மூன்று நாள் போய்ப் பார்க்கலாம். லீவும் அதிகம் வேண்டாம். அந்த ஒரு சோறு ஆறிப்போனதாக இருந்தால் ஆள் திரும்பி வரமாட்டான், அதனால் நல்ல கப்பலையே முன்னால் நிறுத்துகிறார்கள்.

இன்னொரு காரணத்தை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். ஏழு நாள் போகிறவர் நிதானமாக, கணக்காகச் செலவு செய்வார். மூன்று நாள் போகிறவர் "வந்தது வந்தாச்சு" என்று முதல் சாயங்காலமே பர்ஸைத் திறப்பார். நாளுக்கு ஆளுக்கு எவ்வளவு வசூல் என்று பார்த்தால் கம்பெனிக்கு இந்தக் கூட்டம் லாபமான கூட்டம். போய் இறங்குகிற இடமும் பல நேரம் அவர்களுடையதுதான். ஃபுளோரிடா பக்கத்துத் தீவு நாடான பஹாமாஸில் ராயல் கரீபியனுக்குக் கோகோகே என்ற தீவு இருக்கிறது. இன்னொரு கம்பெனியான கார்னிவல் 2025 ஜூலையில் அங்கேயே செலிப்ரேஷன் கீ என்ற கடற்கரையைத் திறந்தது. கப்பலிலிருந்து இறங்கிச் செலவழிக்கிற காசும் அதே கல்லாவுக்குப் போகிறது. தூரம் குறைவு என்பதால் எரிபொருளும் மிச்சம்.

சென்னையிலிருந்து எந்தக் கப்பல் போகிறது? புதுசா?

புதுசு இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இங்கே வருவது கோர்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதன் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். எங்கேயும் நிற்காமல் நடுக்கடல் வரை போய்த் திரும்புகிற இரண்டு இரவுப் பயணம் ஒன்று, விசாகப்பட்டினம் போய் வருகிற நீளமான பயணம் ஒன்று என்று அப்போது விற்றோம். 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் இலங்கைப் பயணத்தைத் தொடங்கி வைத்தார்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

இந்தக் கப்பல் பிரான்சின் சான் நசேரில் கட்டப்பட்டு 1990இல் கடலுக்கு வந்தது. அன்று அதன் பெயர் நார்டிக் எம்பிரஸ், ஓட்டியது ராயல் கரீபியன். எதற்காகக் கட்டினார்கள் தெரியுமா? ஃபுளோரிடாவின் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணம் ஓட்டுவதற்காகவே! யுடோபியா இன்று பார்க்கிற அதே வேலையை, அது வருவதற்கு 34 வருஷத்துக்கு முன்னால் புதுப்பெண் மாதிரி பார்த்தது இதுதான். அதே 1990இல் கார்னிவலின் ஃபேன்டசியும் அதே மயாமி, அதே பஹாமாஸ் பாதையில் போட்டிக்கு நின்றது. அது 2020இல் துருக்கியில் உடைக்கப்பட்டுவிட்டது. இது கைமாறி, பெயர் மாறி, 2021இல் நம் நாட்டுக்கு வந்தது. அளவு சுமார் 48,500 டன். யுடோபியாவுக்குள் நாலு எம்பிரஸை வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் வைக்கலாம்.

ஆகவே சென்னையில் உங்களுக்குச் சின்னப் பயணம் கிடைக்கும், வீடியோவில் பார்த்த கப்பல் கிடைக்காது. மூன்று ஸ்லைடு, பனிச்சறுக்கு அரங்கம் எல்லாம் எதிர்பார்த்து ஏறினால் ஏமாற்றம்தான். கடலையும் ராத்திரியையும் கூட வருகிற நண்பர்களையும் நம்பி ஏறினால் நன்றாக இருக்கும். நான் போனேன், எனக்குப் பிடித்தது.

வேறு கப்பல் வருமா?

கோர்டெலியா 2025இல் நார்விஜியன் நிறுவனத்திடமிருந்து இரண்டு கப்பல்களை நீண்டகால வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது: 1999இல் வந்த நார்விஜியன் ஸ்கை, 2001இல் வந்த நார்விஜியன் சன். முதலாவதை 2026க்கு, அடுத்ததை 2027க்கு என்று அறிவித்தார்கள். எம்பிரஸைவிடப் பெரியவை, ஸ்கை சுமார் 77,000 டன். அதுவும் மயாமி–பஹாமாஸ் பாதையில் பல வருஷம் ஓடியதுதான். அந்தப் பாதைக்கும் நமக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.

அமெரிக்காவில் முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

தூரம் காரணமில்லை. மயாமியிலிருந்து பஹாமாஸின் தலைநகர் நசாவ் சுமார் 300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை சுமார் 360. சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது அங்கே நிற்கலாம். ஆனால் ஓர் அமெரிக்கக் குடிமகன் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்புகிற பயணத்தில் பிறப்புச் சான்றிதழும் ஓர் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு பஹாமாஸ் போய்வரலாம். நமக்கு யாழ்ப்பாணத்தில் நாலு மணி நேரம் இறங்கவும் பாஸ்போர்ட், விசா, இமிகிரேஷன் வரிசை. சனி ஞாயிறுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். ஐயாயிரம் பேரை ஒரே காலையில் இறக்குகிற தீவும் நம் பக்கத்தில் யாரும் கட்டிவைக்கவில்லை.

"2 இரவு, 3 பகல்" என்றால் எவ்வளவு நேரம் கப்பலில் இருப்போம்?

இதை எல்லோரும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. முழுப் பகல் ஒன்றுதான். முதல் நாள் மதியம் ஏறுகிறீர்கள், மூன்றாம் நாள் காலை டிஃபன் முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். அந்த முதல் நாளும் பாதி வரிசையில் போய்விடும்.

எப்படி என்றால், ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டாக்ஸி ஊர்ந்து துறைமுகத்துக்குள் போகும். பெட்டிக்குக் கேபின் எண் எழுதிய அட்டையைக் கட்டி அங்கேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு அது உங்கள் அறை வாசலுக்குத்தான் வரும், சில சமயம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு. அதனால் மாற்றுத்துணி, மாத்திரை, சார்ஜர் மூன்றும் கையிலிருக்கிற பையில் இருக்கட்டும். ஸ்கேன், அடையாள அட்டை, ஃபோட்டோ, கேபின் சாவி அட்டை. ஏறினதும் பஃபேவுக்கு ஓடுவீர்கள், அப்போது பார்த்து ஒலிபெருக்கியில் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடம் எந்தத் தளத்தில், அதற்கு எந்த வழி என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வருகிற அரை மணி நேரத்துக்காகத்தான் நான் இந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்கிறேன். இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பும். மேல்தளத்தில் நின்றால் வடக்கே காசிமேட்டுப் படகுகள், கரைப் பக்கம் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள், அதற்கும் தெற்கே மெரினா கலங்கரை விளக்கம். பிறந்ததிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்த்த ஊரை முதல் தடவையாகக் கடலில் நின்று பார்ப்பீர்கள். சத்தமாக இருந்த கூட்டம் கொஞ்சம் அடங்கும். பிறகு டிஜே ஆரம்பித்துவிடுவார்.

மொத்தச் செலவு எப்படிக் கணக்குப் போடுவது?

விளம்பரத்தில் இருக்கிற தொகை ஆளுக்கு, அதுவும் இரண்டு பேர் ஓர் அறையில் என்ற கணக்கில். அதோடு துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம் சேரும். சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, கடைசித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். எங்களிடம் வாங்கினாலும் இதையே செய்யுங்கள். சாப்பாடு, பெரும்பாலான நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் கட்டணத்துக்குள் அடங்கும். மது, தனி உணவகம், ஸ்பா, வைஃபை, ஃபோட்டோ அடங்காது. கப்பலில் ரொக்கம் கிடையாது, சாவி அட்டையைத் தேய்த்துக்கொண்டே போவீர்கள். கடைசி நாள் காலை கதவுக்கடியில் பில் வரும்போதுதான் நண்பர்களுக்குள் முகம் மாறும். தினமும் ராத்திரி ஒரு தடவை கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

நாலு பேர் ஒரே கேபினில் போனால் மலிவா?

மலிவுதான். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். மேலே இரண்டு படுக்கை சுவரிலிருந்து இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். ஸ்லீப்பர் கோச்சின் அப்பர் பெர்த்தில் தூங்கியவர்களுக்குப் பிரச்சினையில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கத்தான் இடம் போதாது, பாத்ரூம் ஒன்றுதான். பழைய கப்பலில் பால்கனி அறைகள் குறைவு என்பதால் அவை விலை அதிகம். தூங்க மட்டும்தான் அறை என்றால் ஜன்னலில்லாத உள்ளறை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளறையில் காலை ஒன்பது மணியும் நடு ராத்திரி மாதிரிதான் இருக்கும். அலாரம் வையுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் இரண்டு பேர் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

வாந்தி வருமா?

சிலருக்கு வரும். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் இருக்கும். அதனால் படகில் வருகிற அளவுக்கு ஆட்டம் இல்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். பார்க்கில் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவன் அவ்வளவாக அசைவதில்லை, அதே கணக்கு. கார் பயணத்துக்கே அவோமின் போடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்டு, தலை சுற்றுவதற்கு முன்பே போட வேண்டும். வந்தபிறகு போட்டால் தூக்கம்தான் மிச்சம். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு அதிகமில்லை. தென்மேற்குப் பருவமழையில் மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் நம் கடல் அதைவிட அமைதி. 2022, 2023 இரண்டு வருஷமும் சென்னைப் பயணங்கள் ஜூனில்தான் தொடங்கின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். அப்போது இங்கிருந்து கப்பல் ஏறலாம் என்று நானே சொல்லமாட்டேன்.

சிங்கப்பூர் போய் ஏறினால் புதுக் கப்பல் கிடைக்குமா?

கிடைக்கும். கையில் பணமும் ஒரு வார லீவும் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம். 2016இல் கட்டிய கென்டிங் ட்ரீம் அங்கிருந்து பினாங்கு, புக்கெட், கிள்ளான் துறைமுகம் என்று இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் போகிறது. நம் ஆட்கள் நிறையப் போவதால் இந்தியச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. டிஸ்னி அட்வென்சர் என்ற சுமார் 2,08,000 டன் கப்பலையும் சிங்கப்பூருக்கென்றே தயாரித்தார்கள். 2025 டிசம்பர் என்று அறிவித்து, பிறகு 2026 மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். மூன்று, நான்கு இரவு. வேறு எந்த ஊரிலும் நிற்காமல் கப்பலையே சுற்றிப்பார்ப்பதுதான் திட்டம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். கப்பல் திரும்ப சிங்கப்பூருக்கே வருவதால் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கிற விசா வேண்டும். வெளிநாட்டுத் தொகுப்புப் பயணத்துக்கு எங்களைப் போன்றவர்கள் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்போம். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம். நாங்கள் சாப்பிடுவதில்லை.

விமானம் வந்திறங்குகிற அன்றே கப்பல் ஏறாதீர்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. முந்தின நாளே போய் சிராங்கூன் சாலையில் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அந்தமான் கப்பலும் இதே மாதிரிதானே?

இல்லை தம்பி. அது போக்குவரத்துக் கப்பல், மூன்று நாள் ஆகும், டிஜே கிடையாது. கடல் அதே கடல்.

புதுச்சேரியில் நிற்குமா?

2022 ஜூனில் நிற்பதாக இருந்தது. சூதாட்டம், பண்பாடு என்று எதிர்ப்புக் கிளம்பி, புதுச்சேரி அரசு அப்போது அனுமதி கொடுக்கவில்லை. 2025 ஜூலையில் வந்து நின்றது.

ஃபோன் எடுக்குமா?

கரை மறைகிற வரை எடுக்கும். அதற்கப்புறம்தான் ஆபத்து. கப்பலுக்கென்று தனி நெட்வொர்க் உண்டு, உங்கள் ஃபோன் தானாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் திட்டத்தில் அடங்காது. எங்களிடம் டிக்கெட் எடுத்த ஒரு தம்பி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். ராத்திரி முழுக்க ஃபோட்டோக்கள் தானாக மேலே ஏறியிருக்கின்றன. பில்லைப் பார்த்துவிட்டு, கேபின் கட்டணமே இவ்வளவு இல்லையே அண்ணா என்றார். ஏறினதும் ஏர்பிளேன் மோட், வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை வாங்குங்கள்.

சொந்தமாக சரக்கு கொண்டு போகலாமா?

ஸ்கேனில் மாட்டும். எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலிலேயே விற்கிறார்கள் இல்லையா, எப்படி விடுவார்கள்? அயர்ன் பாக்ஸ், மின்சாரக் கெட்டிலும் அப்படியே. தீப்பிடிக்கும் என்ற பயம். அமெரிக்காவில் ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று: ராயல் கரீபியனில் அறைக்கு ஒருவராவது 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

கர்ப்பிணி, கைக்குழந்தை?

24 வாரம் ஆகிவிட்டால் பொதுவாக எந்தக் கம்பெனியும் ஏற்றாது. அதற்குக் குறைவு என்றாலும் டாக்டர் சான்றிதழ் வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், சில பயணங்களுக்கு ஒரு வயது.

அம்மா முறுக்கு டப்பா கொடுத்திருக்காங்க. விடுவாங்களா?

கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வீட்டில் செய்ததைச் சொல்ல முடியாது, பார்க்கிறவர் மனசைப் பொறுத்தது. புளியோதரை, தயிர்சாதம் நிச்சயம் உள்ளே போகாது. நான் போனபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு பையனின் எவர்சில்வர் டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். அவன் அங்கேயே உட்கார்ந்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஆளுக்கு ரெண்டு முறுக்கு கொடுத்தான். பரிசோதித்த பெண்மணி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.